டியூஷன் வாசலில் கூடும் எடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கின்றன. எந்த டியூஷன், எத்தனை மணிக்கு, எந்த வேன் என்று வீடுகளில் கணக்குப் போடும் நேரம் இது. அந்தக் கணக்கில் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் உடல் பருமனைப் பற்றி எங்கு பேசினாலும் நொறுக்குத் தீனி, செல்போன் என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் காரணம்தான். ஆனால் நொறுக்குத் தீனியைத் தவிர வேறு வழியில்லாதபடி அந்தப் பிள்ளையின் நாளை வகுத்துக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம். குழந்தைநல மருத்துவம், உணவியல், உடற்கல்வி ஆகிய துறைகளில் வேலை செய்யும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுவது, நேர அட்டவணை இன்னும் முடிவாகாத இந்த நாட்களிலேயே சொன்னால்தான் பயன் என்பதால்.

லான்செட் மருத்துவ இதழில் 2024-ல் வந்த உலகளாவிய கணக்கீட்டின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர், 2022-ல் 1.25 கோடி. அதில் 73 லட்சம் பேர் பையன்கள், 52 லட்சம் பேர் பெண்பிள்ளைகள். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது மாணவர்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே பையன்களில் 17.8 சதவீதம், பெண்பிள்ளைகளில் 15.8 சதவீதம் பேருக்கு எடை கூடுதலாக இருந்தது. அந்தத் தலைமுறை இன்று பிள்ளை பெற்று வளர்க்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். இந்திய அளவில் அது 24 சதவீதம். ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே சாப்பாட்டு நேரம் என்று வாழும் வீட்டில் பிள்ளை மட்டும் தனியாகப் பருமனாவதில்லை.

இன்னொரு கணக்கு எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க எடுக்கப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பருவத்தினரில் எடை கூடியவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம். குண்டாகத் தெரியாத பிள்ளைகளிலும் சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும்போதே தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் பிறக்கிறது. 2004-ல் லான்செட்டில் அவர் தன்னையும் லண்டனைச் சேர்ந்த சக ஆய்வாளர் ஒருவரையும் ஒப்பிட்டுக் காட்டினார். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. வெள்ளையரான மற்றவர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தராசு மட்டும் போதாது, இஞ்ச் டேப்பும் வேண்டும்.

அளப்பது எளிது. செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து உயரம் பாருங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வந்துவிடும். 158 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ள பையனுக்கு 27.2. பெரியவர்களுக்கான அட்டவணையில் இது "கொஞ்சம் கூடுதல்" என்றுதான் வரும். பலர் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். வளரும் வயதில் அளவு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 14 வயதுப் பையனுக்கு 21.8-ஐத் தாண்டினால் எடை கூடுதல், 25.9-ஐத் தாண்டினால் உடல் பருமன். அதே வயதுப் பெண்ணுக்கு 22.7, 27.3. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை நம் பிள்ளைகளுக்கு இதைவிடக் கண்டிப்பானது. எந்தக் குழந்தை மருத்துவரிடமும் அது இருக்கும். இடுப்பை அளக்கும்போது பேண்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் சுற்றிவர வேண்டும். அந்த அளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 158 செ.மீ. உயரத்துக்கு எல்லை 79 செ.மீ. எடை சரியாக இருந்து இந்த அளவு மட்டும் தாண்டினாலும் அது எச்சரிக்கைதான்.

இனி அந்தப் பிள்ளையின் நாளைப் பார்ப்போம். காலை 7 மணிக்கு வேன். சாப்பிட நேரமில்லை, பசியும் இல்லை. ஒரு டம்ளர் சத்துமாவுப் பானம் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு உள்ளே போகிறது. 12.30-க்கு மதியச் சாப்பாடு, பெரும்பாலும் லெமன் சாதமோ தக்காளி சாதமோ உருளைக்கிழங்கு வறுவலோ. 4.15-க்குப் பள்ளி விட்டு, 5 மணிக்கு டியூஷன், 8.30-க்கு முடிந்து வீடு வர 9 மணி. 12.30-க்கும் 9-க்கும் நடுவில் எட்டரை மணி நேரம். எலும்பும் தசையும் வேகமாக வளரும் வயதில் அந்த இடைவெளியில் பிள்ளைக்குப் பசிப்பது தீனி ஆசை இல்லை, உண்மையான பசி. அந்தப் பசிக்கு டியூஷன் வாசலில் என்ன கிடைக்கிறது? ஒரு பப்ஸ், ஒரு மாம்பழ பானம். அல்லது சமோசா, பானிபூரி, கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் சிக்கன் ரைஸ்.

ஒரு வெஜ் பப்ஸ் சுமார் 250 கலோரி. அதில் புரதம் பெயருக்குத்தான். புட்டியில் வரும் இனிப்பு பானங்களில் பெரும்பாலானவை 100 மில்லிக்கு 10 முதல் 14 கிராம்வரை சர்க்கரை கொண்டவை. 250 மில்லி புட்டி என்றால் 25 முதல் 35 கிராம், அதாவது ஐந்து முதல் ஏழு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் வைக்கும் உச்ச வரம்பு 50 கிராம், முடிந்தால் 25-க்குள். ஒரு நாள் அளவு ஒரு மிடறில் முடிந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை என்பது. மென்று தின்ற 150 கலோரிக்கு உடல் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த வேளைப் பசியைக் குறைக்கிறது. குடித்த 150 கலோரிக்கு அப்படிக் குறைப்பதில்லை. அதனால் 9 மணிக்கு வீட்டில் வந்து உட்காரும் பிள்ளை நான்கு தோசையோ, வாங்கி வந்த மூன்று பரோட்டாவோ சால்னாவோடு சாப்பிடுகிறது. ஒரு பரோட்டா 250 கலோரிக்குக் குறையாது. பிறகு வீட்டுப்பாடம், செல்போன், படுக்க 12 மணி.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. மறுநாள் உடல் தேடுவது இனிப்பையும் எண்ணெயையும்தான். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் பெறுபவர்கள் குறைவு. இரவு தாமதமாக நிறையச் சாப்பிட்டதால் காலையில் பசி இருக்காது. மறுபடியும் வெறும் டம்ளரோடு வேன். இந்தச் சுற்றுக்குள் சிக்கிய பிள்ளையிடம் "வாயைக் கட்டு" என்று சொல்வதால் எதுவும் ஆகப்போவதில்லை.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உழைப்பு, வாரத்தில் 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வேலை. வாரத்துக்கு 420 நிமிடம். அட்டவணையில் இருப்பதோ இரண்டு பி.டி. பீரியட், அதையும் பொதுத்தேர்வு வகுப்புகளில் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன. அரசு பிளஸ் 1 மாணவர்களுக்குத் தரும் விலையில்லா சைக்கிளைப் பள்ளிக்கு ஓட்டிப் போகும் பிள்ளைக்குத் தினமும் கிடைக்கும் உழைப்பு, வேனில் போகும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் உளுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை, நாட்டுக்கோழி என்று சில நாட்கள் கொடுப்பது நம் வழக்கம். பச்சை முட்டையை வேகவைத்துக் கொடுங்கள் என்பதைத் தவிர அந்தச் சில நாள் உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறு அதன் பிறகு தொடங்குகிறது. களி மாதக்கணக்கில் தொடர்கிறது. தெருவில் ஓடிய பிள்ளை, மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடிய பிள்ளை "இனிமே என்ன ஆட்டம்" என்ற ஒரு சொல்லோடு உட்காரவைக்கப்படுகிறாள். பூப்பெய்திய பின் பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே கூடும். சரியாக அந்த நேரத்தில் விளையாட்டை நிறுத்துவது இரட்டைச் சுமை.

"பால்ச்சதைதான், உயரமானால் போய்விடும்" என்று பலர் நம்புகிறார்கள். ஐந்து வயதில் கொஞ்சம் உண்மை உண்டு. பதினான்கில் பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவரான பின்னும் அப்படியே இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், சேதம் பெரியவராகும்வரை காத்திருப்பதில்லை.

முதலில் தெரியும் அடையாளம் பின்கழுத்தில். தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல இருக்கும். அக்குளிலும் முழங்கையிலும் விரல் கணுக்களிலும் வரலாம். அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள், எலுமிச்சை தடவுகிறார்கள், கடையில் கிரீம் வாங்குகிறார்கள். தோல் புண்ணாவதுதான் மிச்சம். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கணையம் அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ரத்தத்தில் மிகுந்த இன்சுலின் தோலின் செல்களைப் பெருக வைக்கிறது. எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் அந்தக் கருமை தானாக வெளுக்கும். எடை கூடிய பிள்ளையின் கழுத்தில் இதைப் பார்த்தால் தாமதிக்காமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி-யும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் முந்தைய நிலை. 126-ஐயோ 6.5-ஐயோ தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு இன்னொரு நாள் பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

பதின்வயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை நாற்பதில் வருவதைப் போல நினைத்துவிடக் கூடாது. அது வேகமானது. அமெரிக்காவில் டுடே என்ற பெயரில் நடந்த நீண்ட ஆய்வில், இளம் வயதில் இந்நோய் வந்தவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானபோது அவர்களின் சராசரி வயது 26. அதற்குள் 60 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது பாதிப்பு. சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது போதவில்லை. 26 என்பது நம் ஊரில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பேசும் வயது.

கல்லீரல் கொழுப்பு இன்னும் மறைவானது. வலி இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று வரும், வீட்டில் அதை மறந்துவிடுவார்கள். ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவைப் பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு: பல ஆய்வகங்கள் இயல்பு அளவு 40 அல்லது 45 வரை என்று அச்சிடுகின்றன. வளரிளம் பையனுக்கு 26, பெண்ணுக்கு 22 என்பதே மருத்துவர்கள் இன்று எடுத்துக்கொள்ளும் எல்லை. அறிக்கையில் "நார்மல்" என்ற 38, இந்தப் பிள்ளைக்கு நார்மல் இல்லை. அளவு 80-ஐத் தாண்டினால் குடல், கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் எதிர்மாறான தவறு நடக்கிறது. பருத்த கையில் சின்ன பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் 40 சதவீதம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, சரியான பட்டையோடு, மூன்று வேறு நாட்களில் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 13 வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருப்பதே இயல்பு. 130/80-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான், "டென்ஷன்" என்று ஒதுக்கக் கூடாது.

மாதவிலக்குத் தள்ளிப்போவது, முகத்தில் முடி, அடங்காத பரு ஆகியவற்றோடு வரும் பெண்பிள்ளையை நேராக ஸ்கேனுக்கு அனுப்பி "நீர்க்கட்டி" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் சினைப்பையில் நிறைய நுண்பைகள் தெரிவது இயல்பு. அதை வைத்து பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய், என்று சொல்லக் கூடாதென்பது சர்வதேச வழிகாட்டுதல். பார்க்க வேண்டியது நாட்கணக்கை. பூப்பெய்தி ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் 45 நாளைத் தாண்டுவதும், மூன்று ஆண்டுக்குப் பிறகு 35 நாளைத் தாண்டுவதும், ஓராண்டுக்குப் பிறகு எப்போதாவது 90 நாள் வராமல் போவதும் கவனிக்க வேண்டியவை. அதோடு ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) கூடியதற்கான அறிகுறியும் இருந்தால்தான் அந்த நோய். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. 70 கிலோவுக்கு மூன்றரைக் கிலோ.

அவசரமான ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறோம். 10 முதல் 16 வயதில் எடை கூடிய பிள்ளை முழங்கால் அல்லது தொடை வலிக்கிறது என்று நொண்டினால், முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிடாதீர்கள். இடுப்பு மூட்டின் பந்து, எலும்பின் வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவினால் வலி முழங்காலில்தான் தெரியும். இரண்டு இடுப்பையும், நேராக ஒன்றும் தொடையை அகட்டிவைத்து ஒன்றுமாக, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சந்தேகம் வந்ததுமே நடையை நிறுத்தி, நழுவியது உறுதியானால் அன்றே எலும்பு அறுவை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். "எடையைக் குறை, சரியாகும்" என்று தைலம் தடவி வாரக்கணக்கில் நடக்கவிட்டால், பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று மூட்டே கெட்டுவிடலாம்.

குறட்டையும் அப்படிக் கவனிக்க வேண்டியது. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்து, பகலில் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மங்கலோடு வரும் விடாத தலைவலிக்குக் கண்ணின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பருமனாக இருந்தும் ரத்தசோகை இருக்கலாம். உடற்கொழுப்பு உண்டாக்கும் அழற்சியால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது குடலில் இரும்புச் சத்து ஏறுவதைத் தடுக்கிறது. "இவ்வளவு உடம்பு இருக்கே, சத்துக்கு என்ன குறை" என்று இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

"தைராய்டாக இருக்குமோ" என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. சுரப்பிக் கோளாறால் பருமனாகும் பிள்ளைகள் மிகக் குறைவு. அதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: தைராய்டு கோளாறிலும், கார்டிசோல் என்ற சுரப்பு மிகுவதிலும் பிள்ளையின் உயரம் வளர்வது மந்தமாகும். வகுப்பில் உயரமானவர்களோடு நிற்கும் பருமனான பிள்ளைக்குச் சுரப்பிக் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. குட்டையாகிப்போன பருமனான பிள்ளையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 5-க்கும் 10-க்கும் நடுவில் இருந்து டி4 சரியாக இருந்தால், பெரும்பாலும் அது பருமனின் விளைவு, காரணம் இல்லை. அதற்கு மாத்திரை போட்டு எடை குறையும் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகும். ஸ்டீராய்டு மாத்திரை, வலிப்புக்கான வால்புரோயேட், மனநல மருந்துகளில் சில ஆகியவையும் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் எங்கே தொடங்குவது என்றால், மாலை 4.30-ல் தொடங்குங்கள். மற்ற வேளைகளை மாற்றுவதைவிட இது எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். காலையிலேயே ஒரு டப்பாவில் வைத்து அனுப்பலாம்: வேகவைத்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஒரு கப், அல்லது ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும், அல்லது அவித்த முட்டை இரண்டும் ஒரு வாழைப்பழமும். தேங்காய் போட்ட சுண்டல் காலையில் செய்தால் மாலைக்குள் ஊசிப்போகும், அதனால் தேங்காயும் வெங்காயமும் சேர்க்காமல் கடுகு மட்டும் தாளியுங்கள். ஒரு கப் கொண்டைக்கடலையில் 12, 13 கிராம் புரதம் இருக்கிறது. 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 45 கிராம். நாளின் கால் பங்குக்கு மேல் அந்த டப்பாவிலேயே வந்துவிட்டது. பப்ஸில் அது வராது. இதைச் சாப்பிட்ட பிள்ளை இரவில் தானாகவே ஒரு தோசை குறைத்துக்கொள்வதை ஓரிரு வாரத்தில் பார்க்கலாம். இரவு உணவை வீடு வந்த அரைமணிக்குள் முடித்துவிட்டால் மறுநாள் காலைப் பசியும் திரும்பும்.

பானம் என்றால் தண்ணீர், மோர். காபி, டீ, சத்துமாவில் போடும் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் கலோரியில் சர்க்கரைதான், இதில் சமாதானம் வேண்டாம். தட்டில் பாதிக்குக் காய் அல்லது கீரை, கால் பங்குக்குப் பருப்பு, முட்டை, மீன் போன்றவை, கால் பங்குக்குச் சோறு. பொரியலில் உருளைக்கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்ணெய்க்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் 2,000 கலோரித் தட்டில் வைக்கும் எண்ணெய், கொழுப்பு 27 கிராம். நான்கு பேருக்கு மாதத்துக்கு மூன்றேகால் கிலோ, சுமார் மூன்றரை லிட்டர். இதில் நெய்யும் வெளியில் சாப்பிடும் எண்ணெயும் அடக்கம். ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் ஒரு லிட்டர் பாமாயிலும் அடக்கம். வாரம் ஒருமுறை ஹோட்டல் சாப்பாடு உண்டென்றால் வீட்டுக்கு மூன்று லிட்டரோடு நிறுத்துங்கள். சட்டியில் நேராகச் சாய்க்காமல் ஸ்பூனில் எடுத்து ஊற்றினால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

எடையைக் குறைக்க அவசரப்படாதீர்கள். இன்னும் உயரம் வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் ஓராண்டு நின்றாலே போதும். உயரம் ஏற ஏற பி.எம்.ஐ. இறங்கும். வளர்ச்சி முடிந்த பிள்ளைக்கு வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைய வேண்டாம். பட்டினி போட்டு வேகமாகக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரும், மாதவிலக்கு நின்றுபோகும், அடக்கிய பசி ஒருநாள் வெடித்து அளவில்லாமல் சாப்பிடவைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் போதும். உடற்பயிற்சியை நடையோடு நிறுத்தாமல் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல் என்று தசைக்கும் வேலை கொடுங்கள். தசைதான் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடம். பிள்ளைக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குச் சிப்ஸ் பாக்கெட் என்ற ஏற்பாடு எந்த வீட்டிலும் நிலைப்பதில்லை. உறவினர் முன்னால் "குண்டு" என்று கூப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போகாது, ஒளித்துவைத்துச் சாப்பிடும். எடை ஏறும்.

ஒருமுறை டயட் சார்ட் எழுதிக்கொடுப்பது சிகிச்சை இல்லை. மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் திட்டங்களே பலன் தருகின்றன என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2023-ல் சொன்னது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென வாரம் ஒரு நாள் பிரிவு நடத்தலாம். வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். செமாகுளுடைடு ஊசியை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதித்தது. நல்ல மருந்துதான், கடுமையான பருமனும் பக்க நோய்களும் உள்ள பிள்ளைக்கு, நிபுணர் மேற்பார்வையில். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை.

பள்ளிகளிடமும் அரசிடமும் நாங்கள் கேட்பவை சில. பள்ளி மருத்துவக் குழுக்கள் இப்போது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான் ஆண்டுக்கு ஒருமுறை போகின்றன. பருமன் அதிகம் உள்ள தனியார் பள்ளிகள் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கின்றன; அங்கும் உயரம், எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், பின்கழுத்து ஆகிய ஐந்தையும் பார்க்க ஆணையிட வேண்டும். அளவை வகுப்பில் உரக்கப் படிக்காமல், மூடிய உறையில் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். பி.டி. பீரியடில் வேறு பாடம் நடத்துவதைக் கல்வித்துறை ஆய்வின்போது கேள்வியாக்க வேண்டும். 4.15-க்கும் 5-க்கும் நடுவில் அரைமணி நேரம் மைதானத்தைத் திறந்துவைத்து, சுண்டல் கொடுத்து, அதற்குப் பிறகு சிறப்பு வகுப்பைத் தொடங்கலாம். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கும் அந்த முட்டையும் பயறும் கிடைக்க வேண்டும்.

பள்ளிக்கூட கேன்டீனிலும், வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவை விற்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி செய்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றால் போதும். டியூஷன் மையங்களுக்கும் அந்த விதியை நீட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், பாக்கெட் நொறுக்குத் தீனி, வாயு சேர்க்காத பழ பானம் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாயு சேர்த்த பானத்துக்கோ 40. பிள்ளையின் கல்லீரலுக்கு இரண்டும் ஒரே சர்க்கரை. மெக்சிகோ 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ என்று இனிப்பு பானங்களுக்கு வரி போட்டது. இங்கும் வரி வேண்டும், அதையும் சர்க்கரையின் அளவை வைத்துப் போட வேண்டும். சிலி நாடு 2016 முதல் பாக்கெட்டின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கைக் குறி போடுகிறது. இந்தியாவில் 2022-ல் வந்த வரைவு நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. கொஞ்சம் பழச்சாறோ பருப்போ சேர்த்து நட்சத்திரத்தைக் கூட்டிக்கொள்ள அதில் வழியிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரிவது எச்சரிக்கைக் குறிதான், அதையே கொண்டுவர வேண்டும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். "பத்து நாளில் ஐந்து கிலோ" என்று வரும் மூலிகைப் பொடி, எடைக்குறைப்பு மைய விளம்பரங்களைப் பதின்வயதுப் பிள்ளைகளின் படத்தோடு வெளியிட மறுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் பேதி மருந்து, தைராய்டு மருந்து முதலியவை லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டு உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. அந்த இடத்தில், மேலே நாங்கள் சொன்ன 14 வயது அளவுகளைப் போல 10 முதல் 18 வயது வரைக்குமான அட்டவணையைப் பள்ளி திறக்கும் வாரத்தில் கால் பக்கத்துக்கு அச்சிட்டுத் தந்தால், வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வசதியாக இருக்கும். அட்டவணையைத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைநல மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.